உர மூட்டையும் உயிரின் உடம்பும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு உர மூட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பனை மரத்தடியில் உரம் போட்ட கைகளுக்கு, மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள் நன்றாகவே தெரியும். 12-12-17 என்று எழுதியிருந்தால் முதல் எண் நைட்ரஜன், இரண்டாவது பாஸ்பரஸ், மூன்றாவது பொட்டாசியம். பின்னிரண்டும் ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதப்படுபவை. கன்றுக்கு ஒரு கணக்கு, காய்க்கும் மரத்திற்கு வேறு கணக்கு. எண் மாறினால் மரத்தின் போக்கும் மாறிவிடும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

இப்படிப்பட்ட எண்களை ஒரு யானையின் முதுகிலோ, ஒரு வெட்டுக்கிளியின் சிறகிலோ அச்சடிக்க முடியுமா? முடியும் என்கிறது இன்றைய உயிரியல். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கணக்கு உண்டு. உடம்பில் கார்பன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்னும் கணக்கு அது. அந்தக் கணக்கை எழுதுவது யார்? உணவா? பரம்பரையா? வாழும் இடமா? அல்லது அச்சமா?

இவ்வார மன்றம் எடுத்துக்கொண்ட தலைப்பு இதுதான். "இதெல்லாம் ஆய்வுக்கூடத்து விஷயம், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் ஆறுகளில் இன்று பெருகிக் கிடக்கும் ஒரு மீனின் கதையும், காட்டு யானை எதைத் தேடி அலைகிறது என்ற கேள்வியும் இந்தக் கணக்கிற்குள்தான் அடங்கியிருக்கின்றன. ஆகவே நேயர்கள் சற்றுப் பொறுமையோடு தொடர வேண்டும்.

நம் உடம்பிலிருந்தே தொடங்குவோம்

60 கிலோ எடையுள்ள ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். அவர் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன். அதில் பெரும்பகுதி உடம்பிலுள்ள தண்ணீருக்குச் சொந்தமானது. கார்பன் 18 விழுக்காடு, ஹைட்ரஜன் 10 விழுக்காடு, நைட்ரஜன் 3 விழுக்காடு. கால்சியம் ஒன்றரை விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 900 கிராம். பாஸ்பரஸ் 1 விழுக்காடு, அதாவது 600 கிராம் அளவு. அந்தப் பாஸ்பரஸில் ஏறத்தாழ 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது.

ஒரு விழுக்காடுதானே என்று பாஸ்பரஸை அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. குழம்பில் உப்பு எவ்வளவு? அது இல்லாவிட்டால் குழம்பு குழம்பாகுமா? மரபணுவான டி.என்.ஏ.வும், புரதம் தயாரிக்க உதவும் ஆர்.என்.ஏ.வும், உயிரணுவுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யும் பாஸ்பரஸ் இன்றி உருவாக முடியாது. நைட்ரஜனும் அப்படித்தான். தசை என்பது புரதம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன்.

இந்தத் தனிமங்களின் விகிதத்தை வைத்து இயற்கையைப் படிக்கலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி, அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஆல்பிரட் ரெட்ஃபீல்ட். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடம்பிலும், ஆழ்கடல் நீரிலும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் வியக்கத்தக்க வகையில் ஒத்திருப்பதை அவர் 1934-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்ற அணுக் கணக்கு இன்றும் 'ரெட்ஃபீல்ட் விகிதம்' என்றே அழைக்கப்படுகிறது. பின்னர் ராபர்ட் ஸ்டெர்னர், ஜேம்ஸ் எல்சர் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் 2002-இல் எழுதி வெளியிட்ட நூல், இந்தச் சிந்தனையை ஒரு தனித்துறையாகவே நிலைநிறுத்தியது.

தோசை மாவுக் கணக்கு

இந்தத் துறையின் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், சமையலறை போதும்.

தோசைக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 20 கோப்பை அரிசி இருக்கிறது. உளுந்து 2 கோப்பைதான் இருக்கிறது. எவ்வளவு மாவு அரைக்க முடியும்? 8 கோப்பை அரிசிக்கு மட்டுமே உளுந்து வரும். மீதி 12 கோப்பை அரிசி இருந்தும் பயனில்லை. குறைவாக இருக்கும் பொருள்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது.

செடிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணம் உடையவை. வெயில் நிறைய, உரம் குறைவு என்றால், கார்பனை அதிகமாகச் சேர்த்து நார் நிறைந்த இலையாக வளரும். உரம் நிறையக் கிடைத்தால், தேவைக்கு மேல் உறிஞ்சிச் சேமித்துக்கொள்ளும். ஆனால் விலங்குகள் அப்படி அல்ல. தம் உடம்பின் விகிதத்தை அவை பெரும்பாலும் விட்டுக்கொடுப்பதில்லை. நாலுக்கு ஒன்று என்றால் நாலுக்கு ஒன்றுதான்.

இதனால் விளையும் சிக்கலைப் பாருங்கள். தரையில் வளரும் செடிகளின் இலையில் ஒரு நைட்ரஜன் அணுவுக்குச் சராசரியாக 36 கார்பன் அணுக்கள் உள்ளன. அந்த இலையைத் தின்னும் பூச்சியின் உடம்பிலோ, ஒரு நைட்ரஜனுக்கு ஆறு, ஏழு கார்பன்தான். பாஸ்பரஸ் கணக்கில் இடைவெளி இன்னும் பெரியது. இலையில் ஒரு பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 1,000 கார்பன். பூச்சியில் ஏறத்தாழ 120. எல்சரும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பீடு இது.

ஆக, இலை தின்னும் புழு, அரிசி மலைபோல் குவிந்து கிடக்க உளுந்துக்கு ஏங்கும் நிலையில் இருக்கிறது. ஆகவே அது ஓயாமல் தின்கிறது. வேண்டிய நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, மிச்சக் கார்பனை மூச்சாகவும் எச்சமாகவும் வெளியேற்றுகிறது. வீட்டு வாசலில் செம்பருத்திச் செடி வைத்திருப்பவர்கள் மாவுப்பூச்சியைக் கண்டிருப்பார்கள். அது வந்தால் கூடவே எறும்பும் வந்துவிடும். ஏன்? செடியின் சாற்றில் சர்க்கரை அதிகம், நைட்ரஜன் குறைவு. நைட்ரஜனுக்காகச் சாற்றைக் குடித்துக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பூச்சி சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வரிசை பிடிக்கிறது. மாவுப்பூச்சியின் கழிவு, எறும்புக்கு விருந்து!

கணக்கை எழுதும் காரணங்கள்

விலங்குக்கு விலங்கு இந்தக் கணக்கு வேறுபடுகிறதே, காரணம் என்ன? முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம், உடம்பின் கட்டமைப்பு. எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு தாதுப்பொருள். முதுகெலும்பு உள்ள விலங்கின் உடம்பில் எலும்பின் பங்கு கூடினால் பாஸ்பரஸின் பங்கும் கூடும். பொதுவாகப் பெரிய விலங்குகளுக்கு உடல் எடையைத் தாங்க எலும்பு அதிகமாகத் தேவைப்படுகிறது. மூஞ்சூறோடு ஒப்பிட்டால் யானையின் உடம்பில் எலும்பின் பங்கு மிக அதிகம். பூச்சிகளுக்கு எலும்பு கிடையாது. அவற்றின் மேலோடு கைட்டின் என்னும் நைட்ரஜன் கலந்த பொருளால் ஆனது. ஆகவே பூச்சியின் உடம்பில் நைட்ரஜன் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. முள்ளம்பன்றி காட்டில் கிடக்கும் பழைய எலும்பைக் கொறிப்பதும், ஆப்பிரிக்காவில் ஒட்டகச்சிவிங்கி எலும்பை வாயில் போட்டு மெல்வதும் விளையாட்டுக்கு அல்ல. தழையில் கிடைக்காத கால்சியத்தையும் பாஸ்பரஸையும் தேடும் முயற்சி அது.

இரண்டாவது, வளர்ச்சியின் வேகம். வேகமாக வளர வேண்டுமானால் புரதம் வேகமாகத் தயாராக வேண்டும். புரதம் தயாரிக்கும் தொழிற்சாலை ரைபோசோம். அது ஆர்.என்.ஏ.வால் ஆனது. ஆர்.என்.ஏ.வின் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு பாஸ்பரஸ்! ஆக, அவசரமாக வளரும் உயிருக்குத் தொழிற்சாலைகள் அதிகம். எனவே பாஸ்பரஸும் அதிகம்.

மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் 'டாஃப்னியா' என்ற நீர்த்தெள்ளு இதற்குச் சிறந்த உதாரணம். அது சில நாட்களிலேயே வளர்ந்து குஞ்சு பொரித்துவிடும். அதன் உலர்ந்த எடையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. அதே குளத்தில் வாழும் கோப்பிபாட் என்ற இன்னொரு நுண்ணுயிர் மெதுவாக வளரும். அதன் உடம்பில் பாஸ்பரஸ் அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஒரே குளம், ஏறக்குறைய ஒரே உணவு. ஆனாலும் மூன்று மடங்கு வேறுபாடு! டாஃப்னியா பெருகினால் குளத்திலுள்ள பாஸ்பரஸை அது தன் உடம்பில் பூட்டி வைத்துக்கொள்கிறது. பாசிக்குப் பாஸ்பரஸ் பற்றாக்குறை வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுயிரால் ஒரு குளத்தின் போக்கே மாறுகிறது.

மூன்றாவது, உண்ணும் உணவு. விலங்கு தன் விகிதத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்றோம். உண்மைதான், ஆனால் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவு ஓர் இனத்தின் உடம்பில் தன் முத்திரையைப் பதித்துவிடுகிறது. பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பூச்சிகளின் உடம்பில், இலை தின்னும் பூச்சிகளைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக நைட்ரஜன் இருப்பதாக 2002-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

'அதிகம் இருந்தால் நல்லது' என்ற எண்ணமும் எப்போதும் சரியாகாது. சீனாவின் உள் மங்கோலியாப் புல்வெளியில் ஆரியான் சீஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2012-இல் கண்டது இதற்குச் சான்று. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்த நிலத்தில் மண் வளம் குன்றி, புல்லில் நைட்ரஜன் குறைந்தது. வெட்டுக்கிளி பட்டினியால் வாடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ தலைகீழ். அங்குள்ள ஒரு வகை வெட்டுக்கிளிக்கு மாவுச்சத்து அதிகமும் புரதம் குறைவுமான புல்தான் ஒத்துக்கொள்கிறது. மேய்ச்சல் கூடக் கூட வெட்டுக்கிளியும் பெருகியது! மனிதன் செய்த தவறு, புல்லின் கணக்கை மாற்றி, வெட்டுக்கிளியாக அவன் தலையிலேயே விடிந்தது.

நான்காவது காரணம் பலரையும் வியக்க வைப்பது. அது அச்சம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிரோர் ஹவ்லெனா, ஓஸ்வால்ட் ஷ்மிட்ஸ் முதலியோர் வெட்டுக்கிளிகளைக் கூண்டில் வளர்த்தனர். சில கூண்டுகளில் சிலந்தியையும் விட்டனர். ஆனால் கடிக்க முடியாதபடி சிலந்தியின் வாய்ப்பகுதியை ஒட்டிவிட்டனர். கொல்ல முடியாத சிலந்தி என்பது வெட்டுக்கிளிக்குத் தெரியுமா? அது பயந்து பயந்தே வாழ்ந்தது. பயந்த உடம்பு சக்தியை வேகமாக எரிக்கும். அதனால் அது மாவுச்சத்தை அதிகம் நாடியது; உடம்பில் நைட்ரஜனுக்கு எதிரான கார்பன் விகிதம் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடியது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. பயந்து வாழ்ந்து இறந்த வெட்டுக்கிளிகளின் உடல் மக்கிய மண்ணில், பின்னர் போட்ட இலைச் சருகு மெதுவாகவே மக்கியது. ஒரு பூச்சியின் பயம், அது செத்த பிறகும் மண்ணில் எழுதப்பட்டிருந்தது என்றால் பாருங்கள்!

யானை எதைத் தேடுகிறது?

ஐந்தாவது காரணம், வாழும் மண். இதை விளக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் நாட்டுக் காடுகளே போதும்.

சோடியம், அதாவது உப்பிலுள்ள சத்து, நரம்பும் தசையும் இயங்க விலங்குகளுக்குக் கட்டாயம் தேவை. பெரும்பாலான செடிகளுக்கோ அது அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே இலையில் உப்பு மிகக் குறைவு. கடலிலிருந்து தொலைவில், மழை ஓயாமல் பெய்து மண்ணைக் கழுவும் காடுகளில் இன்னும் குறைவு. அமெரிக்கக் கண்டங்களில் நடந்து 2008-இல் வெளியான ஓர் எறும்பு ஆய்வு இதை அழகாக எடுத்துக்காட்டியது. கடலோரத்தில் சர்க்கரைத் தண்ணீரை நாடிய எறும்புகள், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் உப்புத் தண்ணீரையே அதிகம் நாடின. மாமிசம் தின்னும் எறும்புகளுக்கு அந்தத் தவிப்பு அவ்வளவாக இல்லை. இரையின் உடம்பிலேயே உப்பு இருக்கிறதே!

எறும்புக்கே இப்படி என்றால், நாள் முழுதும் தழை தின்னும் யானைக்கு? தாமான் நெகாராவில் 'ஜெனுட்' என்றும், பேராக் மாநிலத்தின் பெலும் காட்டில் 'சிரா' என்றும் மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும் அழைக்கும் உப்பு மண் இடங்கள் இருக்கின்றன. சோடியமும் கால்சியமும் மெக்னீசியமும் கலந்த மண்ணும் ஊற்றுநீரும் அங்கே கிடைக்கும். யானை, காட்டெருமை, தாபிர், மான் எல்லாம் அங்கே வந்து மண்ணைத் தின்று, நீரைக் குடித்துச் செல்கின்றன. தாமான் நெகாராவில் 'பும்புன்' எனப்படும் மரக் குடிலில் இரவு தங்கி, விலங்குகள் வருவதைப் பார்க்கக் காத்திருப்பவர்கள் உண்மையில் ஒரு மருந்துக் கடையின் வாசலில்தான் காத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய காட்டில் இப்படிப்பட்ட இடங்கள் சிலவே. யானைக் கூட்டத்தின் பாதை அவற்றைச் சுற்றியே அமைகிறது. அந்த வழியில் சாலை போட்டு, மரத்தை வெட்டி, ஊற்றை மண்மூடி விட்டால் காடு பச்சையாகவே தெரியும். தழைக்கும் பஞ்சம் இராது. ஆனால் உளுந்து தீர்ந்த வீடு போல ஆகிவிடும். 'யானைக்குத்தான் நிறைய தழை இருக்கிறதே, ஏன் ஊருக்குள் வருகிறது?' என்று கேட்கும்போது இந்தக் கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பேராக், கோப்பெங் அருகிலுள்ள உலு கெரோவில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக அமர்ந்து நீர் உறிஞ்சுவதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வருகின்றனர். அப்படி அமர்வன பெரும்பாலும் ஆண் பூச்சிகள். மண்ணில் உறிஞ்சும் உப்பு யாருக்காக? அமெரிக்காவில் ஒரு வகை அந்துப்பூச்சியில் 1996-இல் நடந்த ஆய்வு ஒரு விடையைத் தந்தது. ஆண் சேர்த்த சோடியம் இணைசேரும்போது பெண்ணுக்குப் போகிறது. அங்கிருந்து முட்டைக்கும் போகிறது. பிள்ளைக்குத் தகப்பன் விட்டுச் செல்லும் சொத்து, ஒரு துளி உப்பு!

ஆற்றில் அமர்ந்துவிட்ட 'நகராண்மைக் கழகம்'

உடம்பின் கணக்கு உடம்போடு முடிந்துவிடுவதில்லை. விலங்கு எதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறதோ, அது சுற்றுப்புறத்திற்குக் கிடைக்காது. எதைக் கழிவாகத் தள்ளுகிறதோ, அது மற்ற உயிர்களுக்கு உரமாகும். இதை நாம் கண்கூடாகக் காண ஒரு மீன் இருக்கிறது.

அதன் பெயர் 'இக்கான் பண்டாராயா'. மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்று சுத்தம் செய்வதால், நகராண்மைக் கழகத் துப்புரவுப் பணியாளர்களை நினைத்து மக்கள் வைத்த செல்லப் பெயர். பூர்வீகம் தென் அமெரிக்கா. கைக்கடக்கமாக இருக்கும்போது வாங்கி வருவார்கள். ஒரு முழ நீளத்திற்கு அது வளர்ந்து தொட்டி போதாமல் போகும்போது, 'பாவம், கொல்ல மனம் வரவில்லை' என்று ஆற்றில் விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்ட மீன்கள் இன்று கிள்ளான், லங்காட் உள்ளிட்ட ஆறுகளில் பெருகிக் கிடக்கின்றன.

இந்த மீனைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது மீன் மாதிரியே இருக்காது. உடம்பு முழுதும் கவசம். அந்தக் கவசம் எலும்புத் தகடுகளால் ஆனது. எலும்பு என்றால் பாஸ்பரஸ் என்று முன்பே பார்த்தோம் அல்லவா?

வெனிசுவேலா நாட்டின் ஓர் ஓடையில் மீன்கள், தவளை இனங்கள் என்று 28 வகை உயிர்களை மைக்கேல் வன்னி என்ற அறிஞரும் சகாக்களும் ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். ஒரே ஓடையில் வாழ்ந்தாலும், எடைக்கு எடை அவை வெளியேற்றும் பாஸ்பரஸில் பத்து மடங்கு வரை வேறுபாடு இருந்தது. உடம்பில் பாஸ்பரஸ் அதிகம் தேவைப்படும் உயிர், கழிவில் அதைக் குறைவாகவே விட்டது. கவச மீன்கள் பாஸ்பரஸைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. எலும்பு இன்னும் வளராத தலைப்பிரட்டைகளோ தாராளமாக வெளியேற்றின. கஞ்சனும் வள்ளலும் ஒரே தெருவில் குடியிருப்பது போலத்தான்!

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்திலுள்ள சகாமாக்ஸ் ஆற்றில் இதே பண்டாராயா இனம் வந்தேறியாகப் பெருகியது. அதை ஆராய்ந்த கிறிஸ்டா கேப்ஸ், அலெக்சாண்டர் ஃபிளெக்கர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட முடிவுகள் கவனிக்கத்தக்கவை. பாஸ்பரஸ் குறைவாக உள்ள அந்த ஆற்றில், இம்மீன்கள் பாஸ்பரஸைத் தம் உடம்பில் பெருமளவில் பூட்டி வைத்துக்கொண்டன. பகலில் கூட்டமாக அவை தங்கும் இடங்களில் கழிவு நைட்ரஜன் மிகுந்தது. ஆக, அவை ஆற்றின் உர மூட்டையைப் பிரித்து, எண்களை மாற்றி எழுதின.

பாசியைத் தின்றுவிடுவது ஒரு கேடு. முட்டையிடக் கரையைக் குடைவது மற்றொரு கேடு. இவை கண்ணுக்குத் தெரிபவை. பாஸ்பரஸைப் பூட்டி வைப்பது கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கேடு. ஊர்க் கழிவு கலந்து ஓடும் ஆற்றில் பாஸ்பரஸுக்குப் பஞ்சமில்லை. அங்கே இந்த மூன்றாவது கேடு பெரிதாகத் தெரியாது. ஆனால் மலையடிவாரத்துத் தெளிந்த ஓடையில் பாஸ்பரஸ் சிறுகச் சிறுகத்தான் கிடைக்கும். அதை நம்பிப் பாசி, பாசியை நம்பிப் பூச்சி, பூச்சியை நம்பி நாட்டு மீன் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அங்கே ஒரு பண்டாராயாக் கூட்டம் குடியேறினால், அந்தக் குடும்பத்தின் சேமிப்புப் புத்தகம் வேற்றார் கைக்குப் போனது போலத்தான். பிற மீன்களும் பறவைகளும் கவசத்திற்குப் பயந்து அதை எளிதில் தின்பதில்லை. ஆகவே பூட்டிய சத்து சீக்கிரம் வெளியே வருவதுமில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன?

சிலாங்கூரில் தன்னார்வலர்கள் குழுவாகச் சேர்ந்து இம்மீன்களைப் பிடித்து அகற்றி வருகின்றனர். பிடித்த மீனை உரமாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. இதில் ஓர் அழகான நியாயம் இருக்கிறது. ஆற்றிலிருந்து பூட்டிச் சென்ற பாஸ்பரஸை, பூட்டை உடைத்து மண்ணுக்குத் திருப்பித் தருவது அல்லவா அது! கிறிஸ்மஸ் தீவிலிருந்து பாறைப் பாஸ்பேட்டைக் கப்பலில் ஏற்றிவந்து தோட்டங்களில் போட்ட நாடு இது. பாஸ்பரஸின் அருமை நமக்குத் தெரியாதா?

அதைவிட எளிதான காரியம் ஒன்று உண்டு. வளர்க்க முடியாத மீனையோ ஆமையையோ ஆற்றில் விடாதிருப்பது. சிங்கப்பூரில் விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் இதைத்தான் நினைவூட்டுகிறது. உயிரை விடுவிப்பது புண்ணியம் என்று நினைத்துச் செய்வது, நீர்நிலையில் காலங்காலமாக வாழும் உயிர்களுக்குப் பாவமாக முடியலாம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க இடமுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். பிள்ளைகளுக்கு மீன் வாங்கித் தருவதற்கு முன், 'இது எவ்வளவு பெரிதாக வளரும்?' என்று கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஒரு கேள்வி ஓர் ஆற்றைக் காப்பாற்றும்.

காட்டைப் பற்றிப் பேசும்போதும், எத்தனை ஏக்கர் பச்சை இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பச்சைக்குள் உப்பு மண் இடம் இருக்கிறதா, அதற்குப் போகும் வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் வழக்கில் பெரியவர்கள் காலமானால் உடலை எரியூட்டி, அஸ்தியை ஆற்றிலோ கடலிலோ கரைக்கிறோம். அந்தச் சாம்பலில் மிஞ்சுவது என்ன? கார்பனும் நைட்ரஜனும் புகையோடு போய்விட்டன. நெருப்புக்கு அஞ்சாமல் நிற்பது எலும்பிலிருந்த கால்சியமும் பாஸ்பேட்டும். இரண்டு, மூன்று கிலோ எடைதான் வரும். தாய்ப்பாலில் தொடங்கி, சோற்றிலும் கீரையிலும் மீனிலும் ஒரு வாழ்நாள் முழுதும் கடன் வாங்கிச் சேர்த்த சொத்து அது. அதைத் தண்ணீரில் கரைக்கும்போது, பெற்ற கடனைத் திருப்பித் தருகிறோம்.

யானை மண்ணுக்கும், வெட்டுக்கிளி புல்லுக்கும் திருப்பித் தருவதும் அதைத்தான். வாங்குவதும் கொடுப்பதும் ஒழுங்காக நடக்கும்வரை இயற்கையின் கணக்குப் புத்தகம் சரியாகவே இருக்கும். நடுவில் புகுந்து எண்களை மாற்றி எழுதாமல் இருப்பதே மனிதர் செய்யக்கூடிய பேருதவி.